செந்தூலில் ஒரு லிஃப்ட்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு லிஃப்ட் இரண்டு.
ஒன்று செத்துப்போய் இரண்டு தீபாவளி ஆகிறது.
மற்றது உயிரோடுதான் இருக்கிறது,
மனசு வந்தால்.

நான் தேவகுஞ்சரி. பதினேழாம் மாடி.
பங்சாரில் ஒரு வாடிக்கையாளர் சேவை நிலையத்தில்
நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு
"மன்னிக்கவும் சார், கொஞ்சம் காத்திருங்கள்"
என்று மும்மொழியில் குழைகிற வேலை.
என் குரலுக்கு எலும்பே கிடையாது என்பான் அண்ணன்.

அந்தத் திங்கட்கிழமை
ஒரு கையில் பத்துக் கிலோ அரிசி,
மறு கையில் தாப்பாவ் செய்த மீ கோரேங்,
காலில் வார் அறுந்த செருப்பு.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
லிஃப்ட் பெருமூச்சு விட்டு நின்றது.
மஞ்சள் பொத்தானை அமுக்கினேன்.
அது என்னைப் போலவே
மன்னிப்புக் கேட்கிற மாதிரி முனகியது.
எங்கிருந்து வந்ததோ தெரியாது:
"அடச்சீ எருமை! மேல போறியா,
இல்ல ஒதைக்கவா?"

விளக்கு எரிந்தது.
லிஃப்ட் தொண்டையைச் செருமிக்கொண்டது.
பதினேழில் நின்று கதவைத் திறந்து
அரை அங்குலம் தாழ்ந்து, சத்தியமாக,
வணக்கம் வைத்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டுதான்
அரிசியைத் தவலையில் கொட்டினேன்.

செவ்வாய், அலுவலக நகல் இயந்திரத்திடம்
"முழுங்கினதத் துப்புடி" என்றேன்.
என் தாளைத் துப்பியது. கூடவே
மூன்று வருஷம் முன் காணாமற்போன
ஹஃபிசாவின் விடுப்புக் கடிதத்தையும்.
புதன், ஈப்போ சாலைச் சிவப்பு விளக்கு
வெறும் "ம்ம்?" என்றதற்கே பச்சையானது.
மலாயில் திட்டிப் பார்த்தேன், அசையவில்லை.
ஆங்கிலத்தில் திட்டினால்
டிக்கெட் இயந்திரம் புகார் எண் ஒன்றை
அச்சடித்துக் கொடுத்தது.
தமிழ்தான் வேண்டுமாம். அதுவும்
அடிவயிற்றிலிருந்து வர வேண்டுமாம்.
வியாழன், நாலு மணி மழையை அதட்டினேன்.
கோலாலம்பூர் முழுக்க வெயில்,
என் தலைமேல் மட்டும் கொட்டு கொட்டென்று.
வானம் இயந்திரமில்லை என்று
நனைந்தபடி குறித்துக்கொண்டேன்.

சேதி பரவ எத்தனை நேரம்!
முதலில் பார்த்தவர் நேப்பாளத்து ஜகா,
பிறகு ஆறாம் மாடி, பிறகு வாட்ஸ்அப்.
சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடியது.
தலைவர் மிஸ்டர் குவெக்
கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுச் சொன்னார்:
தினமும் காலை ஆறு மணிக்கு வந்து
லிஃப்டைத் திட்டிவிட்டுப் போ, தங்காச்சி.
பராமரிப்புக் கட்டணத்தில்
பன்னிரண்டு வெள்ளி தள்ளுபடி.
செத்த லிஃப்டையும் எழுப்பிக் கொடுத்தால்
பதினைந்து.

வயிற்றில் ஏதோ திரண்டது.
"இவ்வளவு நாள் கட்டின காசெல்லாம்
யாரு வயித்துக்குப் போச்சு?"

மிஸ்டர் குவெக்குத் தெரிந்த தமிழ்
"சாப்டாச்சா" ஒன்றுதான்.
ஆனாலும் எழுந்தார்.
தொண்டையைச் செருமினார்.
அரை அங்குலம் தாழ்ந்தார்.
சனி ராத்திரி என்றும் பாராமல்
லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

நான் கீழே கடைக்குப் போய்
ரோத்தி சானாய் வாங்கித் திரும்பினால்
அழைக்காமலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
லிஃப்ட் நிற்கிறது, கைகட்டின பிள்ளை மாதிரி.
திட்ட எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை.
"பாவம், நீயும்தான் நாளெல்லாம்
ஏறி எறங்குற. தேங்க்ஸ்பா" என்றேன்.

அவ்வளவுதான்.
பொத்தான் எல்லாம் வெட்கத்தில் சிவந்தன.
பதினேழைத் தாண்டிற்று.
பலகையில் பதினெட்டு என்றொரு எண்
அப்போதுதான் முளைத்தது.
கதவு திறந்தால் காற்று.
சாட்டிலைட் தட்டுகள்,
யாரோ காயப்போட்டு மறந்த பாத்தேக் சட்டை,
தூரத்தில் இரட்டைக் கோபுரம்
அவித்து நிறுத்திய சோளக்கதிர் இரண்டாய்.

லிஃப்டுக்கு இறங்க மனசில்லை.
அதட்டினால் இறங்கும்.
அதட்டத்தான் எனக்கு வரவில்லை.
படி வழியே என்றால் மொத்தப் பதினெட்டு.

பொட்டலத்தைப் பிரித்தேன்.
குழம்பு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.
உள்ளே விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது.

"என்னா, ஒனக்கும் வேணுமா?"